காய் நசுங்குகிறதா, கூடை நைந்து போகிறதா? தோட்டத்துக் கூடையின் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டவரானாலும் சரி, அம்பாசமுத்திரம் பக்கம் அரை ஏக்கரில் வெண்டையும் கத்தரியும் வைத்தவரானாலும் சரி, பறித்த காய் வீடு வந்து சேர்வதற்குள் கெட்டுப்போகிறது என்று சொல்லாதவர் குறைவு. பழி விதை மேல் விழும், உரம் மேல் விழும், வெயில் மேல் விழும். கூடையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

கூடை வாங்கப் போனால் மூங்கிலா, பனையா, பிளாஸ்டிக்கா என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் ஆழம். அப்புறம் உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்பது. அப்புறம் காற்று. இந்த மூன்றும் உங்கள் காய்க்குப் பொருந்தினால், எதில் செய்த கூடையும் உழைக்கும். பொருந்தவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பறித்து வந்ததும் கூடையைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். தரையில் சாக்கு விரித்து, மேலே இருக்கும் காயிலிருந்து ஆரம்பித்துக் கையால் எடுத்து வையுங்கள். மேலடுக்கு ஒரு குவியல், நடுவில் இருந்தது ஒரு குவியல், அடியில் இருந்தது ஒரு குவியல், கூடைச் சுவரை ஒட்டிக் கிடந்தது தனிக் குவியல். அடிபட்ட காய் எந்தக் குவியலில் அதிகம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கவிழ்த்துக் கொட்டிவிட்டால் இந்தத் தடயம் எல்லாம் போய்விடும். கொட்டுகிற வேகத்தில் புதிதாகவும் நாலு காய் அடிபடும்.

அடியில் இருந்த காய் நசுங்கியிருக்கிறது

இது ஆழத்தின் கோளாறு. கூடை என்ன பொருளில் செய்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழுத்த தக்காளி, கொய்யா, சப்போட்டா எல்லாம் தன் எடையைத் தாங்கும், தனக்கு மேலே உள்ள நாலைந்து அடுக்கைத் தாங்காது. பழுத்த பழத்துக்கு அரைச் சாண் ஆழம் போதும். செங்காயாகப் பறிக்கிற தக்காளிக்கு ஒரு சாண். கத்தரிக்காய், சீனியவரைக்காய், பாகற்காய்க்கு ஒன்றரைச் சாண் வரை போகலாம். தடியங்காய் (வெண்பூசணி), பூசணி மாதிரி ஒற்றையாய் அடுக்குகிற காய்க்கு ஆழம் ஒரு கணக்கே இல்லை, அடிப்பாகம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

வடிவமும் இதில் சேரும். வாய் அகன்று அடி குறுகிய கூடையில் மொத்தப் பாரமும் கீழே இருக்கிற சில காய்களின் மேல் இறங்கும். அடியும் வாயும் ஏறத்தாழ ஒரே அகலமாக இருந்தால் பாரம் பரவும். சந்தையில் கூடையைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வாயை மட்டும் பார்க்கிறார்கள். அடியைத் திருப்பிப் பாருங்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தவர், பனைநார்ப் பெட்டி விற்ற ஒரு ஆச்சி. நல்ல ஆழமான பெட்டி ஒன்றை எடுத்து விலை கேட்டேன். எதுக்கு என்று கேட்டார். தக்காளிக்கு என்றேன். பெட்டியைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "எய்யா, இது கெழங்குக்கு உள்ள பெட்டி. தக்காளிக்குன்னா அந்தா சப்பையா இருக்கு பாரு, அத எடு" என்றார். சப்பையாக இருந்தது விலையும் குறைவு. கூடை முடைகிறவர்களிடம் வாங்குவதில் உள்ள நன்மை இதுதான். என்ன போடப் போகிறோம் என்று சொன்னால் போதும், அளவை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஆழமான கூடைதான் கையில் இருக்கிறது, புதிது வாங்க முடியாது என்றால்: அடியில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த வாழைச்சருகோ பரப்புங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். "பாதிக் கூடையோடு போவதா" என்று மனசு கேட்காது. வாயில் நூலாலோ துணித்துண்டாலோ ஒரு அடையாளம் கட்டிவைத்து, அதோடு நிறுத்துங்கள்.

பாவூர்சத்திரம் சந்தைக்குப் பிளாஸ்டிக் டிரேயில் போடுகிறவர்களுக்கும் இதே குறை வரும், ஆனால் காரணம் வேறு. டிரே ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்படி செய்தது. பாரத்தை டிரேயின் ஓரம் தாங்க வேண்டும், காய் தாங்கக் கூடாது. விளிம்புக்கு மேலே காய் தலை நீட்டினால் மேல் டிரே அதன் மேல்தான் உட்காரும். நசுங்கிய காய் அடியில் இல்லாமல் மேலடுக்கில் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். டிரேயின் துளை ஓரம் பழுத்த தக்காளியில் கோடு கோடாகப் பதிவதும் உண்டு. அதற்குச் சருகு விரித்தால் தீரும். செய்தித்தாள் வேண்டாம், ஈரம் பட்டால் அச்சு மை காயில் ஏறும்.

காயில் கீறல், கோடு, தோல் உரிசல்

சுவரை ஒட்டிய குவியலில் மட்டும் கீறல் என்றால் கூடையின் உள்பக்கம் சொரசொரப்பு. எல்லாக் குவியலிலும் கீறல் என்றால் கூடை மேல் பிழை இல்லை. கத்தரிக்காய் என்றால் காம்பு முள்ளும் வெட்டிய காம்பு நுனியும் பக்கத்துக் காயைக் குத்தியிருக்கும். எலுமிச்சை என்றால் மரத்திலேயே முள் கிழித்திருக்கும். கத்தரியைக் காம்பு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினால் பெருமளவு குறையும். கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும், ஆனால் பளபளப்பு போகாத கத்தரிக்காய்க்குக் கிடைக்கிற விலை வேறு.

சொரசொரப்பைக் கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. நம் கை காய்ப்புக் காய்த்தது. பழைய பருத்தித் துண்டை எடுத்து உள்சுவரில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் ஒருமுறை இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு, அதாவது பிசிறு, நிற்கிறது. வாங்கும்போதே கடைவாசலில் இதைச் செய்யலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூங்கில் கூடையில் இது சாதாரணம். பிளாச்சு (மூங்கிலைப் பிளந்த பட்டை) சீவும்போது ஓரத்தில் நார் நாராகப் பிரியும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கொளுத்திய ஓலை ஒன்றை உள்பக்கத்தில் ஒரு வீச்சில் காட்டி எடுத்தால் மிச்ச நார் பொசுங்கிவிடும். நின்று காட்டினால் பிளாச்சே கருகும், கவனம். அதற்குப் பிறகும் மாட்டினால் பழைய வேட்டித் துணியை உள்ளே வைத்து வாயில் நாலு இடத்தில் தைத்துவிடுங்கள். உரச்சாக்கை வெட்டி உள்ளே போடுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். உரத் துகள் எவ்வளவு அலசினாலும் அதன் இழைகளில் தங்கும்.

பனைநார்ப் பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. மட்டையின் தோலைச் சீவி எடுக்கிற நார் தட்டையாக, மழமழவென்று இருக்கும். கத்தரிக்கும் கொய்யாவுக்கும் நான் நார்ப்பெட்டியைத்தான் சொல்வேன்.

வெண்டை கறுக்கிறது, எலுமிச்சையில் புள்ளி விழுகிறது, மாங்காய் வடுப்படுகிறது

இந்த மூன்றுக்கும் கூடை மாற்றிப் பயனில்லை. பறிக்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வெண்டையின் வரப்பு லேசாக உரசினாலே கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். கைப்பிடி நிறைய ஒடித்து வைத்துக்கொண்டு கூடைக்குள் எறிகிறவர்கள் பறித்த காய் கட்டாயம் கறுக்கும். கூடையைப் பாத்தி ஓரத்திலேயே விட்டுவிட்டால் எறியத்தான் தோன்றும், அதனால் இடுப்பில் இடுக்கிக்கொள்கிற அளவுக்குச் சின்னப் பெட்டியோடு வரிசைக்குள் போவது நல்லது.

எலுமிச்சைத் தோலில் எண்ணெய்ப் பைகள் உண்டு. அதிகாலையிலும் மழை விட்ட உடனேயும் பழம் நீர் கோத்து விறைப்பாக இருக்கும்போது அழுத்தினால் அந்தப் பை உடைந்து எண்ணெய் கசியும், கசிந்த இடம் பிறகு பழுப்புப் புள்ளியாகும். புளியங்குடி வட்டாரத்தில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் பனி காய்ந்த பிறகு பறிப்பது இதற்கும் சேர்த்துத்தான். மாங்காய்க்கு விரற்கடை நீளம் காம்போடு வெட்டி, பால் வடியும்வரை காம்பு கீழே பார்க்கும்படி புல்மேல் வைத்துவிட்டு அப்புறம் கூடையில் போடுங்கள். பால் பட்ட தோல் வெந்ததுபோல் ஆகும், பழுத்த பிறகு அந்த இடம்தான் முதலில் அழுகும்.

கீரை வாடிவிடுகிறது, அல்லது புழுங்கி மஞ்சளடிக்கிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் நேரெதிர். கூடையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். நடுவில் கதகதப்பாக இருந்தால் காற்று போதவில்லை. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி இலையை வேகவைக்கிறது. நடு குளிர்ச்சியாக இருந்து மேலேயும் ஓரத்திலும் மட்டும் தொய்ந்திருந்தால் காற்றும் வெயிலும் அதிகம்.

முதல் வகைக்கு அகலமான, துளை பெரிதான கூடை வேண்டும். இலையை அமுக்கித் திணிக்காமல், தண்டு கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். இரண்டாம் வகைக்கு, ஈரச் சாக்கை அடியில் போட்டு மேலேயும் ஒன்று மூடினால் போதும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்று செங்கோட்டை, தென்காசிப் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும். சாரல் விழாத ஊரில் அந்தக் காற்று வெறும் காற்றாகத்தான் வரும், கீரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த நாள்களில் மூங்கில் கூடையை விட ஓலைப்பெட்டி மேல். கார்த்திகை மழையில் அதே ஓலைப்பெட்டியில் கீரை புழுங்கும். ஒரே கூடை பன்னிரண்டு மாதத்துக்கும் ஆகாது.

வாளியில் பறிப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் துளையில்லாத பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஈரம் தேங்கி வெண்டையும் அவரையும் கொழகொழவென்று ஆகும். வாளிதான் வேண்டும் என்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் பத்துத் துளையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையாகவே வாயில் போடுகிறவற்றுக்கு ஒரு எச்சரிக்கை. எரு அள்ளிய கடகப்பெட்டியில் இவற்றை ஒருநாளும் போடாதீர்கள். அலம்பிக் காயவைத்தாலும் ஓலை மடிப்புக்குள் சாணம் நிற்கும். எருப்பெட்டியின் வாயில் சிவப்புத் துணி கட்டி, வைக்கிற இடத்தையும் பிரித்துவிடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும், குறிப்பாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்து உதவி செய்கிற பிள்ளைகளுக்கு.

மண்ணும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறது

கிழங்குக்கும் உள்ளிக்கும் (சின்ன வெங்காயம்) நிலக்கடலைக்கும் துளையுள்ள கூடை. துளை காயைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் மார்கழி, தையில் சிறுகிழங்கு தோண்டும்போதுதான் சுண்டுவிரல் பருமன் கிழங்கெல்லாம் வழியெங்கும் உதிர்ந்து கிடப்பது தெரியும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மண் (செம்மணல்) என்றால் கூடையை இரண்டு உலுக்கு உலுக்கினால் உதிர்ந்துவிடும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் அப்படி விடாது. ஈரத்தோடு உலுக்கினால் கிழங்கின் தோல்தான் உரியும். ஒரு பொழுது நிழலில் பரப்பி, மண் காய்ந்து வெடித்த பிறகு உலுக்குங்கள்.

கூடையே கெடுகிறது

இங்கேதான் காசு போகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வாங்கும்போது நெருக்கமாக இருந்தது, மாதம் ஒன்று ஆனதும் பின்னல் இடையே விரல் நுழைகிறது. ஓலையோ பிளாச்சோ பச்சையாக இருக்கும்போதே முடைந்தது. காயக் காய அகலம் சுருங்கி இடைவெளி விழுகிறது. சாரோலையை (குருத்தை அடுத்த பனையோலை) காயவைத்து, முடைவதற்கு முன் தண்ணீரில் நனைத்துப் பதமாக்கி முடைந்தது என்றால் இவ்வளவு தளராது. வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். அதே அளவுள்ள இன்னொன்றைவிட ஒன்று கனமாக இருந்து, பச்சை வாடையும் அடித்தால் அது இன்னும் காயவில்லை. ஏற்கெனவே தளர்ந்ததை லேசாக ஈரப்படுத்தி, அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரிசையாகக் கட்டை விரலால் நெருக்கிக்கொண்டே வரலாம். கடைசியில் வாய்ப்பக்கம் மிஞ்சுகிற இடத்தில் புது நார் ஒரு சுற்று கோத்துக் கட்டினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

வாய் பிய்கிறது. கூடைக்கு உயிர் வாயில்தான். மற்ற இடம் நன்றாக இருக்கும்போதே பெரும்பாலான கூடை வாயில்தான் போகிறது, ஏனென்றால் நாம் பிடித்துத் தூக்குவது அங்கே. நல்ல வாய் எது என்றால், உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் பின்னலின் முனை மடிந்து மாட்டி, எல்லாவற்றையும் சேர்த்து நார் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். முனையை மடிக்காமல் வெட்டிவிட்டு மேலே நாரைச் சுற்றினால் பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் பாரம் ஏறியதும் முனைகள் உருவிக்கொண்டு வரும். வளையத்தை இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். கிரீச் என்று நார் நகர்ந்தால் வேண்டாம். நைலான் கயிறு போட்டு வாய் கட்டுவதும் உண்டு. அது அறாது, ஆனால் பாரத்தில் பனைநாரையும் மூங்கிலையும் அறுக்கும். நாருக்கு நாரே பொருத்தம்.

மூங்கில் கூடைக்குக் கீழே வெளிர் மஞ்சளாக நைசான தூள் கிடக்கிறது, பிளாச்சில் ஊசித் துளை தெரிகிறது. உளுக்கிறது என்று அர்த்தம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வண்டு உள்ளே முட்டையிட்டிருக்கிறது, வண்டும் அதன் புழுவும் குடைவதால்தான் தூள் உதிர்கிறது. மூங்கிலை வெட்டியதும் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து போகும், வண்டுக்கு வேலை இருக்காது. அவசரமாக முடைந்த கூடையில் அது நடந்திருக்காது. பிளாச்சையும் பாருங்கள். மூங்கிலின் மேல்தோலோடு சேர்ந்தது ஒரு பக்கம் பளபளவென்று இருக்கும், கெட்டி. உள்பாகத்தைச் சீவியது இரண்டு பக்கமும் மங்கி வெளுத்திருக்கும், மலிவு, வண்டுக்கும் அதுதான் பிடிக்கும். அடியும் வாயும் மேல்தோல் பிளாச்சாக இருந்தால் போதும், சுவரில் உள்பிளாச்சு கலந்திருந்தாலும் பரவாயில்லை. ஆரம்பத்திலேயே தூளைக் கண்டுவிட்டால், கொதிக்கும் வெந்நீரைக் கூடை முழுக்க ஊற்றி நல்ல வெயிலில் காயவையுங்கள். பிளாச்சு மெல்லியது, சூடு உள்ளே வரை இறங்கும். விறகடுப்பு எரிகிற வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை பிடித்து, பிறகு வண்டு அண்டுவது குறையும். மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், அது காயில் நாறும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஓலைப்பெட்டியில் கறும்புள்ளியும் வெள்ளைப் படலமும். ஈரத்தோடு சுவரில் சாத்தியதால் வந்த பூசணம். வெள்ளையாக இருக்கும்போது உப்புத்தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, காற்றில் ஆற்றி, பிறகு காலை வெயிலில் வைத்தால் போகும். கறுப்பு இழைக்குள் இறங்கிவிட்டால் அந்த இடம் சீக்கிரம் முறியும், அதை விறகோ உரமோ போட வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்து வைக்க வேண்டாம், அடியில் காற்று போகாது. ஆணியில் மாட்டுவதே நல்லது.

கோடையில் நேர்மாறாக, ஓலை மடக்கென்று ஒடிகிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் ஓலையின் ஈரம் முழுக்கப் போய்விடும். பறிக்கப் போவதற்கு முன் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் நிழலில் வைத்தால் வளைந்து கொடுக்கும்.

பிளாஸ்டிக் கூடையும் டிரேயும் நிறம் வெளுத்து, அழுத்தினால் வெடித்தால் வெயில் தின்றுவிட்டது. ஒட்ட வைக்க முடியாது. புதிது வாங்கியதும் மோட்டார் அறைக்குள்ளோ மரத்தடியிலோ வைக்கப் பழகினால் வருஷக்கணக்கில் வரும். ஒயர் கூடைக்குப் பிடி அறுவதுதான் முதல் குறை. பாரம் இருக்கிற காய்க்கு அது ஏற்றதும் அல்ல, அடி தொய்ந்து எல்லாக் காயும் நடுவில் வந்து மோதும்.

தூக்கினால் கை அறுக்கிறது, இடுப்பு வலிக்கிறது

கையில் தொங்கவிட்டுப் போவதென்றால் பிடி பெருவிரல் பருமனாவது இருக்க வேண்டும். மெல்லிய பிடி என்றால் பழைய துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். தலையில் வைப்பதென்றால் பிடி எதற்கு? அடி லேசாகக் குழிந்து, சும்மாட்டில் உட்கார வேண்டும். தட்டையான அடி தரைக்கு நல்லது, தலையில் ஆடும். இடுப்பில் இடுக்குவதற்கு முழு வட்டத்தைவிட முட்டை வடிவம் நன்றாகப் படியும். முடைகிறவரிடம் சொன்னால் அப்படியே செய்து தருவார். யார் தூக்கப் போகிறாரோ அவரையே கடைக்குக் கூட்டிப் போய், இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் கீரை பறிக்கிறவர் அம்மா என்றால், அப்பா தன் கைக்குத் தோதாகக் கூடை வாங்கி வருவதில் அர்த்தமில்லை.

எலி கடிக்கிறது

எலிக்கு வேண்டியது கூடையில் ஒட்டியிருக்கிற பழச்சாறு. பறிப்பு முடிந்த அன்றைக்கே ஈரத்துணியால் உள்ளே துடைத்து, காய்ந்ததும் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும், எலி சுவரைப் பிடித்துத் தாவும். கடித்த ஓட்டை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் இருந்தால் நார் கோத்து அடைக்கலாம். அதைவிடப் பெரிது என்றால் முடைகிறவரிடமே கொண்டு போங்கள், பழைய கூடைக்கு ஒட்டுப் போட்டுத் தருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.